மாசாய் கடையின் பகா எண்

ஜொகூர் பாருவின் பெர்மாஸ் ஜெயாவில் லோஷினியின் வாடகைக் காரில் ஏறுகிறவர்கள் சும்மா இறங்குவதில்லை. போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்வதோடு, தங்கள் வீட்டு எண்ணைப் பற்றியோ பிறந்த தேதியைப் பற்றியோ கேட்காத ஒரு செய்தியையும் வாங்கிக்கொண்டுதான் இறங்குவார்கள். இருபத்தெட்டாம் எண் வீட்டுக்குக் கார் கூப்பிட்ட ஒரு சீனப் பெண்மணியிடம், அந்த எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் ஒன்று, இரண்டு, நான்கு, ஏழு, பதினான்கு ஆகிய ஐந்தையும் கூட்டினால் மறுபடியும் இருபத்தெட்டே வரும், அப்படிப்பட்ட எண்ணுக்கு நிறைவெண் என்று பெயர், அது அபூர்வம் என்று மலாயில் விளக்கியிருக்கிறாள். அந்தப் பெண்மணி அதற்குப் பிறகு வீட்டு வாசலில் எண்ணைப் புதிதாகத் தங்க நிறத்தில் எழுதி வைத்தார். எல்லோரும் அப்படியல்ல. ஏர்போர்ட்டுக்குப் போன ஒருவர், "அக்கா, கொஞ்சம் தூங்கிக்கிறேன்லா," என்று கண்ணை மூடிக்கொண்டார். லோஷினிக்கு அதில் வருத்தமில்லை. எண்ணைப் பிடிக்காதவர்களும் உலகத்தில் இருக்கத்தான் செய்வார்கள் என்பது அவள் எண்ணம்.

லாயாங் லாயாங்கில் பிறந்து, ஐந்தாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு, பாசிர் கூடாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். அங்கே பெல்ட்டில் வரிசையாக நகர்ந்து வரும் மின்சுற்றுப் பலகைகளில் வரிசை எண் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பார்ப்பது அவள் பொறுப்பு. மற்றவர்களுக்குக் கொட்டாவி வரவழைத்த அந்த வேலை இவளுக்கு விளையாட்டாகிவிட்டது. இந்த எண்ணை மூன்று வகுக்குமா, ஏழு வகுக்குமா, ஒன்றுமே வகுக்காத பகா எண்ணா என்று மனசுக்குள் பிரித்துக்கொண்டே இருப்பாள். தவறாகப் பிரிப்பதும் உண்டு. வீட்டுக்குப் போய்க் கைப்பேசியில் சரிபார்த்து, தவறியிருந்தால் தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள். தொழிற்சாலை அந்தப் பிரிவை மூடியபோது அவளுக்குக் கொஞ்ச நாள் கை ஓடவில்லை. பிறகு சிங்கப்பூர்க் கப்பல் பட்டறைக்குத் தினமும் மோட்டார் சைக்கிளில் போய்வரும் கணவன் மகேஸ்வரன்தான், செயலியில் பதிவு செய்து கார் ஓட்டிப் பார்க்கச் சொன்னான். சாலை முழுக்க நம்பர் பலகைகள். வேறென்ன வேண்டும் அவளுக்கு?

ஜொகூர் பாரு நெரிசலில் மற்ற ஓட்டுநர்கள் தலையில் அடித்துக்கொள்ளும் வேளையில் லோஷினி விளையாடிக்கொண்டிருப்பாள். முன்னால் நிற்கும் காரின் எண்ணை எடுத்துக்கொண்டு, கடைசி இலக்கத்தை வெட்டிப் பார்ப்பது அவள் கண்டுபிடித்த விளையாட்டு. பகா எண்ணாக இருந்து, வெட்டிய பிறகும் பகா எண்ணாகவே நின்றால் அந்தக் காருக்கு ஒரு சபாஷ். தான் மட்டுமே கண்டுபிடித்தது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் காலை, சிங்கப்பூர்ப் பாலமான காஸ்வேக்குப் போகும் சாலையில் வண்டிகள் நகரவே இல்லை. பின்னிருக்கையில் திருச்செல்வம் என்ற கல்லூரி விரிவுரையாளர் உட்கார்ந்திருந்தார். முன்னால் நின்ற காரின் எண் 7393. லோஷினி வாய்விட்டே எண்ணத் தொடங்கிவிட்டாள். ஏழாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று பகா எண். கடைசி மூன்றை வெட்டினால் 739, அதுவும் பகா எண். ஒன்பதை வெட்டினால் 73. இன்னும் வெட்டினால் 7. எல்லாமே பகா எண்கள். ஒரு காரில் இப்படிக் கடைசிவரை நின்றதை அவள் பார்த்ததில்லை. மகிழ்ச்சியில் ஸ்டியரிங்கைத் தட்டினாள்.

பின்னாலிருந்தவர் முன்னே சாய்ந்தார். அவர் கணிதம் நடத்துகிறவர். இப்படி வலப்பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டே போனாலும் பகா எண்ணாகவே நிற்கும் எண்களைப் பற்றி ஏற்கெனவே பலர் ஆராய்ந்திருக்கிறார்கள் என்று சொன்னார். தன் விளையாட்டு உலகத்துக்கே தெரிந்த விளையாட்டு என்று கேட்டதும் அவளுக்கு ஏமாற்றம் வரவில்லை. ஏதோ தூரத்துச் சொந்தக்காரர்கள் திடீரென்று கிடைத்த மாதிரி இருந்தது.

"மொத்தம் எத்தனை எண் சார் இப்படி இருக்கு? முடிவே இல்லாம போகுமா?"

"அதுதான்மா வேடிக்கை. பகா எண்ணுக்கு முடிவு கிடையாது. ஆனா இந்த மாதிரி எண்ணு எண்பத்து மூணே மூணுதான். எட்டு இலக்கத்தோட நின்னு போச்சு. அதுல பெரியது ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து நூத்தி முப்பத்து மூணு. நீங்க பார்த்த இந்தக் காரு இருக்குல்ல, இதே 7393தான் அதோட ஆரம்பம்."

அவர் இறங்கியபிறகும் அந்த எண் அவளை விடவில்லை. 73939133. பெர்மாஸ் ஜெயாவில் வழக்கமாகச் சாப்பிடும் கடைக்கு எதிரே காரை நிறுத்திவிட்டு, கைப்பேசியில் அதை எழுதி ஒவ்வொரு இலக்கமாக வெட்டிப் பார்த்தாள். எட்டு முறையும் பகா எண். இனி வலப்பக்கம் எந்த இலக்கத்தைச் சேர்த்தாலும் கெட்டுவிடுகிறதா என்றும் பார்த்தாள். இரட்டைப்படை இலக்கத்தைச் சேர்த்தால் இரண்டு வகுத்துவிடும். ஐந்தைச் சேர்த்தால் ஐந்து வகுக்கும். ஒன்றையும் ஏழையும் சேர்த்தால் மூன்று வந்து பிடித்துக்கொள்ளும். மிச்சமிருந்த மூன்றையும் ஒன்பதையும் சேர்த்துக் கைப்பேசியிடம் கேட்டாள். அவற்றையும் வகுக்க ஆள் இருந்தது. அதற்கு மேல் போக வழியே இல்லை.

நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. ஏழில் தொடங்குகிறது. முன்னால் ஒரு பூஜ்யத்தைப் போட்டால் பூஜ்யம் ஏழு. ஜொகூர் வட்டார எண். அதற்குப் பின்னால் சரியாக ஏழு இலக்கம். உலகத்தில் இந்த வகையின் மிகப்பெரிய எண், யாரோ ஒருவருடைய வீட்டிலோ கடையிலோ தொலைபேசியாக உட்கார்ந்திருக்கலாம், அதுவும் தன் ஊரில்! என்ன பேசுவது என்று யோசிப்பதற்குள் விரல் அழுத்திவிட்டது.

மணி அடித்தது. எடுத்துவிட்டார்கள்.

"சுப்ஹான் லாங்சிர், ஹலோ," என்றது வயதான ஆண் குரல்.

"ஐயா, வணக்கம். உங்க போன் நம்பர் ரொம்ப விசேஷமான நம்பர். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"எந்த பேங்க்கிலேர்ந்து பேசுறீங்க?"

"பேங்க் இல்லைங்க. நான் கார் ஓட்டுறேன்."

"அப்ப போலீஸா? என் பேர்ல பார்சல் ஏதும் வந்திருக்கா?"

"அதெல்லாம் இல்லைங்கய்யா, இது கணக்கு."

"என் கணக்கு எதையும் உன்கிட்ட சொல்ல மாட்டேன்மா. வேற ஆளைப் பாரு."

வைத்துவிட்டார். லோஷினி காதருகே கைப்பேசியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் இதைக் கேட்ட மகேஸ்வரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். முன்பின் தெரியாத பெண் போன் போட்டு உங்கள் நம்பர் விசேஷம் என்றால், நானாக இருந்தாலும் அப்படித்தான் வைத்திருப்பேன் என்றான். கடைப் பெயர் தெரிந்துவிட்டதே, நேரில் போனால் ஆயிற்று என்று அவன்தான் வழியும் சொன்னான். சனிக்கிழமை தானும் வருவதாகச் சொன்னான். எப்படியும் வீட்டு வரவேற்பறைக்குத் திரைச்சீலை மாற்ற வேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள் அல்லவா?

லாங்சிர் என்றால் திரைச்சீலை. சுப்ஹானின் கடை மாசாயில், ஒரு பழைய கடைவரிசையின் ஓரத்தில் இருந்தது. பலகையில் 07-393 9133 என்று பெரிதாக எழுதியிருந்ததைப் பார்த்ததும் லோஷினிக்கு ஒரு சினிமா நட்சத்திரத்தை நேரில் கண்ட மாதிரி உடம்பெல்லாம் சிலிர்த்தது. உள்ளே கம்பிகளில் பூப்போட்ட துணிகள் தொங்கின. வெள்ளைத் தொப்பி அணிந்த சுப்ஹான் துணி அளந்துகொண்டிருந்தார். அவருடைய மகள் ஆப்ரின் கணினியில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் போட்டுக்கொண்டிருந்தாள். லோஷினி வணக்கம் சொல்லி ஒரு வாக்கியம் பேசியதும் சுப்ஹான் அளவு நாடாவைக் கீழே வைத்தார்.

"நீதானே அந்தக் கணக்கு?"

லோஷினி வெட்கத்தோடு ஆமாம் என்றாள். மகேஸ்வரன் முந்திக்கொண்டு, இவள் நல்லவள்தான், எண் பைத்தியம் மட்டும் உண்டு என்று சாட்சி சொன்னான். ஆப்ரினுக்கு ஆர்வம் வந்துவிட்டது. என்னதான் விசேஷம் என்று சொல்லுங்கள் அக்கா என்றாள்.

கடைக்குள் கல்லாவுக்குப் பின்னாலும் சுவரில் அதே எண் பெரிய எழுத்தில் இருந்தது. அதற்கு மேலே, மாதிரி காட்டுவதற்காக ஒரு கம்பியும் திரைச்சீலையும். பூஜ்யத்தை விட்டுவிட்டுப் பார்க்கச் சொன்னாள் லோஷினி. ஆப்ரின் வலப்பக்கமிருந்து திரையை மெல்ல இழுத்தாள். ஒரு மூன்று மறைந்தது. மிச்சமிருந்த எண்ணை மகேஸ்வரன் கைப்பேசியில் போட்டுப் பார்த்து, பகா எண் என்று அறிவித்தான். அடுத்த மூன்று மறைந்தது. மறுபடியும் பகா எண். இழுக்க இழுக்க, கடைசியில் ஏழு மட்டும் சுவரில் தனியாக நின்றது. பகா எண் என்றால் என்ன என்பதைத் துணிக்கடைக்காரருக்கு ஏற்ற மாதிரியே லோஷினி சொன்னாள். அத்தனை மீட்டர் துணியைச் சரிசமமான முழு மீட்டர்த் துண்டுகளாக வெட்ட முடியாது. ஒவ்வொரு மீட்டராக வெட்டலாம், இல்லாவிட்டால் வெட்டாமலே வைத்துக்கொள்ளலாம். இப்படி வலப்பக்கமிருந்து குறைத்துக்கொண்டே வந்தாலும் பகா எண்ணாகவே நிற்பவற்றில் இதைவிடப் பெரியது உலகத்தில் கிடையாது.

சுப்ஹான் திரையைத் தானே விலக்கி, தானே மூடி, இரண்டு முறை பார்த்தார். இவ்வளவு காலமாக இந்த எண்ணில்தான் கல்யாண வீடுகளும் புதுவீடுகளும் அவரைக் கூப்பிட்டிருக்கின்றன. ஒருவரும் இப்படிச் சொன்னதில்லை.

"அப்ப ராசியான நம்பர்னு சொல்லு."

லோஷினி தயங்கினாள். பொய் சொல்ல அவளுக்கு வராது. "ராசி எனக்குத் தெரியாது பாய். ஆனா கணக்குக்காரங்க எண்ணுங்களுக்கு வெச்ச வேற பேருங்களும் இருக்கு. அதுல பார்த்தா கொஞ்சம் மோசம்."

"சொல்லு, பரவாயில்ல."

ஒரு எண்ணை வகுக்கும் சிறிய எண்களைக் கூட்டினால் அந்த எண்ணைவிடக் குறைவாக வந்தால் அது குறைவு எண். பகா எண்கள் எல்லாமே அந்தக் கூட்டம்தான், ஆகவே இதுவும் குறைவு எண். இரண்டு தள்ளி இன்னொரு பகா எண் இருந்தால் இரட்டையர் என்பார்கள். இதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை, ஒண்டிக்கட்டை. கணினி எழுதுவது போலப் பூஜ்யமும் ஒன்றுமாக எழுதிப் பார்த்தால் ஒன்றுகள் ஒற்றைப்படையாக வருகின்றன. அப்படிப்பட்ட எண்ணுக்கு வெறுப்புக்குரியது என்று யாரோ குறும்பாகப் பெயர் வைத்துவிட்டார்கள்.

"அலமாக்," என்று மலாயில் அங்கலாய்த்தார் சுப்ஹான். "இன்னும் இருக்கா?"

"ஒன்னு இருக்கு. இலக்கம் ஒவ்வொன்னையும் அதாலயே பெருக்கிக் கூட்டணும். வர்ற எண்ணை மறுபடி அதே மாதிரி. கடைசியில ஒன்னு வந்தா அது மகிழ்ச்சி எண். இது சுத்திச் சுத்தி வருது, ஒன்னுக்கு வரவே இல்ல. சோக எண் பாய்."

சுப்ஹான் முகத்தைப் பார்த்து எல்லோரும் பயந்தார்கள். அவரோ குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கத் தொடங்கினார். குறையுள்ளது, ஒண்டிக்கட்டை, வெறுப்புக்குரியது, சோகமானது. இத்தனை கெட்ட பேரையும் வாங்கிக்கொண்டு உலகத்திலேயே முதலிடத்தில் நிற்கிறதா தன் நம்பர் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசி மூன்றை மட்டும் எடுத்துவிட்டால் மகிழ்ச்சி எண்ணாகிவிடும் என்று லோஷினி ஆறுதலாகச் சொன்னாள். அதெல்லாம் வேண்டாம், சோகமாகவே இருக்கட்டும் என்றுவிட்டார்.

அப்போதுதான் ஆப்ரின் சிரிப்பதை நிறுத்தினாள். கடைக்கு வரும் அழைப்பெல்லாம் இப்போது கைப்பேசிக்குத்தான் வருகிறது. கம்பித் தொலைபேசிக்கு வருவதெல்லாம் ஏமாற்றுக்காரர்களின் அழைப்புகள்தான். வட்டாரத்தில் பழைய கம்பி இணைப்புகளை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே இணைப்பை நிறுத்திவிடச் சொல்லி அவள் தொலைபேசி அலுவலகத்துக்கு முன்பே தெரிவித்திருந்தாள். அத்தா சுப்ஹானும் சரி என்றுதான் சொல்லியிருந்தார். சுப்ஹான் மெல்லப் போய் ரிசீவரைக் கையில் எடுத்துக் காதில் வைத்தார். இன்னும் ரீங்காரம் கேட்டது. எடுத்த எடுப்பிலேயே, "இதை விடக் கூடாது," என்றார்.

ஆனால் திங்கட்கிழமை அவர்கள் தொலைபேசி அலுவலகத்துக்குப் போவதற்குள் ரீங்காரம் நின்றுவிட்டது. லோஷினிதான் அப்பாவையும் மகளையும் காரில் கூட்டிப்போனாள். முகப்பிலிருந்த மலாய்ப் பெண் அதிகாரி கணினியைப் பார்த்துவிட்டு, இணைப்பு காலையில்தான் துண்டிக்கப்பட்டது, எண் இனி பொதுவில் சேர்ந்துவிடும், வேறு யார் கேட்டாலும் கொடுத்துவிடுவோம் என்றார். புதிய இணைப்புக்கு நல்ல எண்ணாக வேறொன்று தருவதாகவும் அன்பாகச் சொன்னார். எட்டுகள் நிறைந்த எண் ஒன்றைக் காட்டினார். எட்டு ராசி என்று நம்பும் சீனர்கள் பலர் தவம் கிடக்கும் எண் அது.

சுப்ஹானுக்கு அது வேண்டாம். ஏன் என்று அதிகாரி கேட்டார். சுப்ஹான் லோஷினியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, தானே மலாயில் விளக்கத் தொடங்கினார். முகப்புக் கண்ணாடியில் விரலால் எண்ணை எழுதி, உள்ளங்கையால் வலப்பக்கமிருந்து மறைத்துக்கொண்டே வந்தார். மீட்டர், துணி, துண்டு, எல்லாம் வந்தது. ஓரிடத்தில் தடுமாறினார், லோஷினி எடுத்துக்கொடுத்தாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதிகாரி கைப்பேசியில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். முடிந்ததும் கைப்பேசியைக் கீழே வைத்தார். இப்படி ஒரு காரணத்தை இதுவரை யாரும் சொன்னதில்லை என்றார். மேலிடத்தில் கேட்டுப் பார்ப்பதாகவும், உறுதி சொல்ல முடியாது என்றும் சொல்லி அனுப்பினார்.

அந்த வாரம் லோஷினிக்கு நிலைகொள்ளவில்லை. மதியச் சாப்பாட்டு வேளையில் தினமும் அந்த எண்ணை அழைப்பாள். எண் பயன்பாட்டில் இல்லை என்று பதிவுசெய்த குரல் சொல்லும். தான் பேசாமல் இருந்திருந்தால் அந்தக் குடும்பத்துக்கு இந்த அலைச்சலே இல்லையே என்றும் தோன்றியது. மகேஸ்வரனிடம் சொன்னாள். எண் போனாலும் அது பகா எண்ணாகத்தான் இருக்கும், ஓடிப்போய்விடாது என்று அவன் தேற்றினான்.

ஒரு மதியம் பதிவுக் குரல் வரவில்லை. மணி அடித்தது. லோஷினி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சுப்ஹான் லாங்சிர், ஹலோ."

"பாய்," என்றாள். மறுமுனையில் அவருக்கே புரிந்துவிட்டது.

"வந்திருச்சு தங்கச்சி. புதுக் கம்பியில அதே நம்பர். நீதான் முதல் போன். இன்னிக்கு ராத்திரி சாப்பாடு நம்ம வீட்டுலதான், மகேஸ்வரனையும் கூட்டிட்டு வந்துரு."

அன்று சாப்பிட்ட நெய்ச்சோற்றைப் பற்றி மகேஸ்வரன் இன்னும் பேசுகிறான். அடுத்த வாரமே கடையின் முன்கண்ணாடியில் ஒரு புதிய வெள்ளைத் திரைச்சீலை தொங்கியது. ஆப்ரினின் யோசனை. எட்டு இலக்கமும் மேல் வரிசையில், ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் இலக்கம் குறைந்து, அடியில் ஏழு மட்டும் நிற்கும்படி நீல நூலால் தைத்திருந்தார்கள். ஓரத்தில் ஒரு விளக்கமும் கிடையாது. கேட்கட்டும், கேட்டால்தான் உள்ளே வருவார்கள் என்றார் சுப்ஹான். கேட்டார்கள். பேருந்துக்கு நின்றவர்கள் கேட்டார்கள், பக்கத்துக் கடைச் சீனர் கேட்டார், தபால்காரர் கேட்டார். கேள்விப்பட்டு விரிவுரையாளர் திருச்செல்வமும் லோஷினியின் காரிலேயே வந்து இறங்கினார். தான் வகுப்பில் பல ஆண்டுகளாகச் சொல்லும் எண், முன்னால் ஒரு பூஜ்யத்தோடு இவ்வளவு பக்கத்தில் இருப்பது தனக்குத் தோன்றவே இல்லையே என்று சிரித்தார். வெறுங்கையோடு போகாமல் படிப்பறைக்கு ஒரு திரைச்சீலைக்கும் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது தொல்லை என்னவென்றால் சுப்ஹானுக்கும் எண் பித்துப் பிடித்துவிட்டது. துணி வாங்க வருகிறவர்களின் வீட்டு எண்ணை அவரே வகைபிரித்துச் சொல்லத் தொடங்கியிருக்கிறார். போன சனிக்கிழமை லோஷினியும் மகேஸ்வரனும் அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, தொண்ணூற்றொன்றாம் எண் வீட்டுக்காரர் ஒருவரிடம், உங்கள் வீடு பகா எண் என்று கையைப் பிடித்து வாழ்த்திக்கொண்டிருந்தார். லோஷினி இல்லை என்று மெதுவாகத் தலையசைத்தாள். பார்த்தால் அப்படித்தான் தெரியும், ஆனால் ஏழும் பதின்மூன்றும் பெருக்கினால் தொண்ணூற்றொன்று என்றாள். சுப்ஹான் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று வகுக்கவில்லை, ஐந்து வகுக்கவில்லை, பிறகென்ன என்று வாதாடினார். ஆப்ரின் திரைச்சீலை வளையங்களை ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்து கல்லாவின்மேல் கொட்டினாள். வீட்டுக்காரரும் சேர்ந்துகொள்ள, ஐவருமாக வளையங்களை வரிசைக்குப் பதின்மூன்றாக அடுக்க ஆரம்பித்தார்கள். ஏழு வரிசை சரியாக முடிந்தது, ஒன்றுகூட மிஞ்சவில்லை.

சுப்ஹான் வளையங்களை மேலிருந்து பார்த்தார், பக்கவாட்டிலும் குனிந்து பார்த்தார். பிறகு வீட்டுக்காரரிடம் திரும்பி, உங்கள் வீடு பகா எண் இல்லை, ஆனால் அழகாக அடுக்கக்கூடிய எண் என்று சொல்லி, அடுத்த தேநீருக்கு மகளைக் கூப்பிட்டார்.